நாய் காலைத் தூக்கும் உயரத்துக்கு மேல்

மரத்தடியில் எடுக்காதே,
இலையில் சொட்டிய நீர் கணக்கைக் கெடுக்கும்.
மண்ணை ஒட்டியதை எடுக்காதே.
நாய் காலைத் தூக்கும் உயரத்துக்கு மேல்,
வெறும் பாறையில், வெட்டவெளியில்,
உள்ளங்கையளவு போதும்.
விதிகள் இவ்வளவுதான்.
எழுதித் தந்தவர் சுகந்தி மேடம்.
சம்பளம் பதினெட்டாயிரம், மூன்று மாதம் பாக்கி.

தொப்பூர் கணவாயில்
கைப்பிடிச் சுவரோரம் குந்தியிருந்தேன்.
பிரேக் கருகும் வாசனையோடு
இறங்கிக்கொண்டிருந்தன லாரிகள்.
ஒரு கிளீனர் தலையை நீட்டி
"என்னக்கா தொலைச்சீங்க?" என்றான்.
"பாசி!" என்று கத்தினேன்.
கழுத்தில் போடுகிற பாசி என்று நினைத்திருப்பான்.
"கிடைக்கும்க்கா" என்றது வளைவு.

வேர் கிடையாது இதற்கு.
தின்பதெல்லாம் காற்று கொண்டுவந்து போட்டது:
மழையில் கரைந்தது, பனியோடு இறங்கியது.
அதனால் மண்மேல் பழி போட வழியில்லை.
நைட்ரஜனில் கனத்தது உண்டு, லேசானது உண்டு.
வண்டிப் புகையில் வருவது கொஞ்சம் கனம்.
எருவிலும் மூத்திரத்திலும் கிளம்பும் அம்மோனியா லேசு.
எதை எவ்வளவு தின்றது என்று
பெங்களூரில் ஒரு மெஷின் சொல்லிவிடும்.

பழுப்பு உறை. பென்சிலால் பெயர்,
பேனா என்றால் ஈரத்தில் ஊறிவிடும்.
தொப்பூர் இரண்டு.
ஓசூர் சிப்காட் மூன்று.
சூளகிரி மேம்பாலத்தடி ஒன்று.
கடைசியாக
கெலமங்கலம் தாண்டி உள்ளே, இன்னும் உள்ளே,
தினம் இருமுறை பஸ் வரும் ஊரில்
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை.
அதுதான் எங்கள் சுத்தமான இடம்.
மற்றதையெல்லாம் அதை வைத்து
அளப்பதாக ஏற்பாடு.

அப்படி ஒரு பச்சை.
வண்டி ஓட்டிவந்த நாகேசப்பா
"இதான் காத்து" என்று
மூச்சை இழுத்துக் காட்டினான்.
நானும் இழுத்தேன்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது.
தொப்பூர்: லாரியின் கையெழுத்து, சந்தேகமில்லை.
சிப்காட்: கலந்தடித்த கணக்கு.
சுத்தமான இடம்:
இருப்பதிலேயே அதிக நைட்ரஜன்,
கழித்தல் பதினொன்று.
உறை மாறிவிட்டதா என்றார் மேடம்.
என் எழுத்தை நானே
ட்யூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன்.
மாறவில்லை.

மறுபடி போனோம், காற்று எழுமுன்.
பாறைமேல் ஏறினால்தான் தெரிகிறது:
கரட்டுக்கு அந்தப்புறம்
நீளநீளமாய் ஆறு கொட்டகை.
நாற்பதாயிரம் கோழிகள் தொண்டையைச் செருமுவது
தூரத்தில் மழை வருவதுபோல் கேட்டது.
மேனேஜர் முனிரத்தினம் மோர் கொடுத்தார்.
"ரோட்டுல போறவனை விட்டுட்டு
எங்கிட்ட வர்றீங்களே" என்றார்.
பக்கத்து ரோஜாக் கூடாரத்தைக் காட்டினார்:
"காதலர் தினத்துக்கு யூரியாவா கரைச்சு ஊத்தறானுங்க."
கூடாரத்தில் கேட்டால் கோழியைக் காட்டினார்கள்.
இரண்டும் லேசு.
கோழியா ரோஜாவா என்று
பாசி பிரித்துச் சொல்லவில்லை.
நாற்றம் அங்கே யாருக்கும் தெரியவில்லை.
மூக்கு பழகிவிடுகிறது;
எனக்கே கால்மணி நேரத்தில் பழகிவிட்டது.

திரும்பும்போது பள்ளி வாசலில்
டெம்போவிலிருந்து முட்டை இறங்கியது,
அட்டை அட்டையாய்.
முப்பது முப்பதாய் எண்ணிக்கொண்டிருந்தாள்
சத்துணவுப் பொறுப்பாளர் கெம்பம்மா.
"ஒடஞ்சது ரெண்டு, எழுதிக்கிறேன்" என்றாள்
யாரிடமோ.
அன்று காலை கெலமங்கலத்தில்
நான் தின்ற டபுள் ஆம்லெட்டை
எந்தக் கட்டத்தில் எழுத?

வரைபடம் போட்டது நான்தான்.
சுத்தமான இடம் என்ற புள்ளியை அழித்துவிட்டு
வேறு பாறை தேடச் சொல்கிறார் மேடம்.
அஞ்செட்டிப் பக்கம், காட்டோரம் விசாரித்தேன்.
ரோடு இல்லை. கொட்டகை இல்லை.
நாய்கூட அவ்வளவாக இல்லையாம்.
யானை வருமாம்.
யானைக்கு எந்த உயரம் என்று
விதியில் இல்லை.